அளவு முகம்

லோகநாதன் வீட்டு டிவியில் முதலில் நீலம் ஏறியது செய்தி வாசிக்கிற பெண்ணின் முகத்தில்தான். கிணற்றிலிருந்து தூக்கிப் போட்ட மாதிரி உட்கார்ந்து நாட்டு நடப்பைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் சமையல் நிகழ்ச்சியில் சாம்பார் சாம்பல் நிறத்துக்குப் போனது. லோகநாதனால் பொறுக்க முடியவில்லை. அவர் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். பார்வைக்கு ஒரே நீலமாகத் தெரிகிற துணிகளைக் கலந்து குவித்தாலும் எது எந்த முறை சாயம் ஏற்றிய லாட் என்று பிரித்து வைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே நிறம் தப்பினால் அது மானப் பிரச்சினை.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலீங்களே," என்றாள் அவர் மனைவி சிவரஞ்சனி.

"உனக்கு எங்க தெரியப்போகுது," என்றார் லோகநாதன். அவர் கெட்டவர் இல்லை. நிறம் என்று வந்துவிட்டால் மட்டும் வீட்டில் மற்ற யாருக்கும் கண்ணே கிடையாது என்று நினைக்கிற ரகம்.

அந்தக் காலத்தில் டிவி வெறும் படம் பார்க்கிற சாமான் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேட்டைக்குப் பேட்டை இருந்த ஆஸ்பத்திரிகளை மூடியாகிவிட்டது. டாக்டர்கள் எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் டிவி முன்னால் நின்று நாக்கை நீட்ட வேண்டும், கண்ணை விரித்துக் காட்ட வேண்டும். டிவியின் கண் பார்ப்பதை டாக்டர் பார்ப்பார். வெளுப்பா, சிவப்பா, நீலமா என்பதை வைத்துத்தான் பாதி வைத்தியம். அதனால் டிவியில் நிறம் தப்பக்கூடாது என்று சட்டமே இருந்தது. நிறம் சரிபார்க்க ஒவ்வொரு டிவிக்கும் ஒரு ஆள் உண்டு. இவர்கள் வீட்டுக்கு வாய்த்தவள் பெனிட்டா, தூத்துக்குடிப் பெண்.

டிவியைச் சுவரில் மாட்டிய அன்றைக்கே அவள் விவரமாகச் சொல்லியிருந்தாள்.

"காலைல ஜன்னல் வெளிச்சம், ராத்திரி லைட்டு வெளிச்சம். வெளிச்சம் மாற மாற நிறமும் மாறிக்கிட்டே இருக்கும் அண்ணாச்சி. அப்ப எது நெசமான நிறம்னு டிவிக்கு எப்படித் தெரியும்? மாறாத பொருள் ஒண்ணு வேணும்லா? முன்னெல்லாம் சொவத்துல ஒரு சாம்பல் அட்டைய ஒட்டிட்டுப் போவோம். அது மங்கிரும், புள்ளைங்க கிறுக்கி வச்சிரும். அதான் இப்ப வீட்டுல ஒருத்தரு முகத்தையே அளவா எடுத்துக்கிடுதோம்."

"மூஞ்சியவா?" என்றார் லோகநாதன்.

"ஆமா. அளவு முகம். அது மாறவே மாறாதுன்னு டிவி நம்பும். ஒரு நாள் அந்த முகம் மஞ்சளாத் தெரிஞ்சா, வெளிச்சந்தான் மஞ்சளாயிட்டுன்னு நெனச்சு, பாக்குறது, காட்டுறது எல்லாத்தையும் நீலத்துப் பக்கம் தள்ளிச் சரிபண்ணிரும். முகம் பழையபடி வந்துரும். சரி, உங்க வீட்டுல யாரு எப்பவும் வீட்டுலயே இருப்பாவ?"

லோகநாதனும் மகள் மகிழினியும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். சிவரஞ்சனி ஈரக் கையோடு வந்து டிவி முன்னால் நின்றாள். சிரிக்கட்டுமா என்று கேட்டாள். சிரிக்க வேண்டாம், சும்மா நின்றால் போதும் என்றாள் பெனிட்டா.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த டிவி தினமும் அவளைப் பார்த்தது. தரை துடைக்கும்போது பார்த்தது, துணி மடிக்கும்போது பார்த்தது. வீட்டில் அவளை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தது அது ஒன்றுதான்.

இப்போது நீலம் ஏறியதும் லோகநாதன் பெனிட்டாவைக் கூப்பிட்டார். அவள் திரையில் வந்தாள். கம்பெனிக்காரர்கள் முடிந்தவரை ஆளை நேரில் அனுப்பமாட்டார்கள்.

"அக்கா, முகத்துல மஞ்சள் பூசுதியளா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"வெள்ளிக்கெழமையானா பூசுவனுங்க," என்றாள் சிவரஞ்சனி, என்னவோ திருட்டில் மாட்டியவள் போல.

"அவ்வளவுதான் விஷயம். இந்தப் பக்கம் பாதி வீட்டுல இதே கதைதான். நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு டிவி முன்னால கொஞ்ச நேரம் உக்காருங்க. சரியாப்போவும்."

சிவரஞ்சனி கழுவினாள். வந்து உட்கார்ந்தாள். செய்திக்காரி இன்னமும் கிணற்றுக்குள்ளேயே இருந்தாள்.

"இன்னும் நல்லாத் தேய்ச்சுக் கழுவோணும் ரஞ்சி. வருஷக்கணக்காப் பூசுனது, ஒரே நாள்ல போயிருமா?" என்றார் லோகநாதன். துணியில் ஏறிய கறையைப் பற்றிப் பேசுகிற அதே குரல். கடலை மாவு போட்டுத் தேய்க்கச் சொன்னார். அவள் தேய்த்தாள். பீர்க்கங்காய் நாரில் தேய்த்தாள். கன்னம் எரிகிறது என்றாள். மஞ்சள் பூசுவதையே அடியோடு விட்டுவிட்டாள். ஆனாலும் வாரத்துக்கு வாரம் நீலம் கூடிக்கொண்டுதான் போனது. ஒரு நாள் அவர் அலுத்துப்போய், "கமுக்கமாப் பூசிக்கறயா?" என்றுகூடக் கேட்டுவிட்டார். அவள் மறுபடி போய்க் கழுவிக்கொண்டு வந்தாள்.

இதை எழுதும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது. கூப்பிட்ட குரலுக்கு வந்து, கேள்வி கேட்காமல் தன் தோலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. அவள் முகத்துக்கு நேராகப் புருஷனும் மகளும் உட்கார்ந்து டிவியைப் பார்க்கிறார்கள்.

நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். லோகநாதனின் அக்கா சரஸ்வதி பெருந்துறையிலிருந்து வந்தவள் பார்த்தாள். "ஏம்புள்ள, மொகமெல்லாம் மஞ்சக்களை சொட்டுது. எதாச்சு விசேஷமா?" என்று கேட்டுச் சிரித்தாள். நம் ஊரில் பெண் முகம் மஞ்சளாக இருந்தால் அது லட்சுமி கடாட்சம். அதோடு, மெல்ல மெல்ல மாறுகிற எதுவும் கூடவே இருப்பவர் கண்ணில் படாது. அந்த வீட்டுச் சமையலறைக்கு ஜன்னலும் இல்லை. சிவரஞ்சனி தலைவாருவது, பொட்டு வைப்பது எல்லாமே டிவியைக் கண்ணாடியாக்கிக்கொண்டு அதன் முன்னால்தான். அந்தக் கண்ணாடியில் அவள் முதல் நாள் இருந்த மாதிரியே இருந்தாள். டிவி அவளை மாற விடவில்லை.

மாறியது மகிழினிதான். பதினாலு வயசு. பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடுகிறவள், மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தாள். மாதாந்திர சோதனைக்காக டிவி முன்னால் போய் நின்றதும், அந்தப் பக்கம் இருந்த டாக்டரம்மா முன்னால் குனிந்தார்.

"உதட்டைக் காட்டும்மா. நகத்தைக் காட்டு. எப்பவும் இப்படி நீலமாத்தான் இருக்குமா?"

லோகநாதன் மகளுக்கு முன்னால் வந்து நின்றார். "டாக்டரம்மா, எங்க டிவியே கொஞ்ச நாளா நீலமாத்தானுங்க காட்டுது," என்றார்.

டாக்டரம்மா பக்கத்தில் எதையோ பார்த்தார். "இல்லையே. உங்க அளவு முகம் அச்சு அசலா அப்படியே இருக்கு. நிறப்பிழை பூஜ்யம்னு காட்டுது. டிவி மேல தப்பில்ல சார். பொண்ணுக்கு ரத்தத்துல காத்து போதலைன்னு தோணுது. இதயத்தைப் பாக்கணும். இப்போதைக்கு ஓட்டமெல்லாம் வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கும் லீவு போட்டுட்டு வீட்டுல இருக்கட்டும்."

மகிழினி அழுதாள். லோகநாதன் அன்றிரவு சாப்பிடவில்லை. ரத்தம் எடுக்க ஆள் வந்தது, மார்பில் ஒட்டுவதற்கு என்னவோ கொடுத்துவிட்டுப் போனது. எல்லா முடிவும் நன்றாகவே வந்தது. ஆனாலும் டிவி முன்னால் நிறுத்தினால் பிள்ளை நீலமாக இருந்தாள். முடிவில் நம்பிக்கை வைப்பதா, கண்ணில் நம்பிக்கை வைப்பதா என்று டாக்டரம்மாவும் தடுமாறினார். எதற்கும் இன்னும் கொஞ்ச நாள் ஓய்வு என்றார்.

அப்படி ஒரு தரம் பேசி முடிக்கிற சமயத்தில்தான் சிவரஞ்சனி மெதுவாக முன்னால் வந்தாள். "டாக்டரம்மா, எனக்கும் கொஞ்ச நாளா ஒடம்பெல்லாம் ஒரே அரிப்புங்க. சோறும் எறங்க மாட்டேங்குது. சேலை வேற இடுப்புல நிக்கறதில்ல."

டாக்டரம்மா அவளைக் கவனமாகவே பார்த்தார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. கண்ணை விரிக்கச் சொன்னார், வெள்ளை வெளேரென்று இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னார், நல்ல சிவப்பு.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. இந்த வீட்டுலயே நல்ல நிறமா இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். பொண்ணைப் பத்தி யோசிச்சு யோசிச்சு இளைச்சிருக்கீங்க. அரிப்புக்கு மாத்திரை எழுதறேன்."

சிவரஞ்சனிக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளைக்கு முடியாத நேரத்தில் தன் கதையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

கடைசியில் லோகநாதன் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். அவருக்கு இருந்த ஒரே நப்பாசை, தப்பு டிவியில் இருக்க வேண்டும், மகளிடம் இருக்கக் கூடாது என்பதுதான். பெனிட்டா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீட்டர் பெட்டியோடு நேரில் வந்தாள். டிவி தானாகச் சரிசெய்வதை நிறுத்திவைத்துவிட்டு, திரையில் மீட்டரை ஒட்டி வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பிறகு டிவியின் கண்ணைச் சோதித்தாள். இரண்டுமே புதுசு மாதிரி இருந்தன.

"திரை சுத்தமா இருக்கு, கண்ணும் சுத்தமா இருக்கு. மிச்சம் இருக்கது அளவு முகம் ஒண்ணுதான் அண்ணாச்சி."

"அதான் கழுவிக் கழுவித் தோலே உரிஞ்சு போச்சுங்களே."

"இன்னும் மஞ்சள் ஒட்டிருக்கான்னு பாத்துருவோம். நல்ல வெள்ளையா எதாவது இருக்கா?"

லோகநாதன் பட்டறைப் பையிலிருந்து வெளுத்த துணித் துண்டு ஒன்றை எடுத்தார். எந்த நிறத்தையும் தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, பக்கத்தில் வெள்ளை இருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம். அதை ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சிவரஞ்சனியை பால்கனிக்குக் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்தினார். துணியை அவள் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார். அரைக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், லாட் பார்க்கிற மாதிரி.

"மஞ்சள் ரெண்டு ஷேடு தூக்குது," என்றார். "லாட் ரிஜெக்ட்..."

பழக்கத்தில் வந்துவிட்ட வார்த்தை. பாதியில் நின்றுவிட்டார். துணிக்குப் பக்கத்தில் அவள் கண் இருந்தது. கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் முழுக்கப் பழுத்த எலுமிச்சைத் தோல் மாதிரி இருந்தது. அதை யாரும் மஞ்சள் பூசிக் கொண்டுவர முடியாது. பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிவரஞ்சனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னாச்சுங்க? இன்னொருக்கா கழுவிட்டு வரட்டுங்களா?" என்றாள்.

கோயம்புத்தூரில் ஆளைத் தொட்டுப் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்று இன்னும் இருந்தது. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பித்தக் குழாயை அடைத்துக்கொண்டு கட்டி. அது ஈரலுக்குப் பரவி வெகுநாள் ஆகியிருந்தது. வயசான டாக்டர் ஒருவர் லோகநாதனைத் தனியே கூப்பிட்டார்.

"ஆரம்பத்துல வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம். கண்ணைப் பாத்தாலே தெரியற நோய்ங்க இது. இத்தனை மாசமா இந்த அம்மாவை யாரும் பாக்கவே இல்லையா?"

"தெனமும் பாத்தமுங்க," என்றார் லோகநாதன். "டிவியில."

அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் வெளியிலேயே சுற்றினார். மூன்றாம் நாள் அவளே கேட்டாள். டிவி எப்படி நினைக்கும், எதனால் மகள் நீலமாகத் தெரிந்தாள் என்று அவர் திக்கித் திணறி விளக்கினார். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அப்ப மகிழுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்ல ரஞ்சி."

"சீக்கு எனக்குத்தானா?" அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "நல்லவேளைங்க. நான் என்னமோ புள்ளைக்குன்னு பயந்துட்டே கெடந்தேன்."

லோகநாதன் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்று வாய்விட்டு அழுதார். அதற்குப் பிறகு பல வாரம், பட்டறை, ஆஸ்பத்திரி, வீடு என்று அலைந்தார். விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போவார், இருட்டிய பிறகு வருவார். மகிழினி பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொல்லிவிட்டார். பிள்ளையின் பாடு இனி சரியாகிவிடும் என்று லோகநாதன் அந்தக் கவலையை ஒதுக்கி வைத்தார். மழைக்காலம் தொடங்கும் முன்பே சிவரஞ்சனி போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, லோகநாதன் பெனிட்டாவை வரச்சொன்னார். அவள் தயங்கித்தான் வந்தாள். கம்பெனியில் இப்போது வருஷத்துக்கு ஒரு தரம் அளவு முகத்தை நேரில் பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்றாள். லோகநாதன் அவளுக்கு டிவியைக் கைகாட்டினார். ஒப்புக்கு ஒரு உத்தரவு, யாருக்கு வேண்டும்?

"புது மொகம் வெக்கோணுமல்லங்க," என்றார். "என் மூஞ்சிய வெச்சுருங்க."

"அண்ணாச்சி, நீங்க வீட்டுல இருக்கது கம்மியாச்சே. எப்பவும் இருக்கவங்கதான் நல்லது."

"தெரிஞ்சுதானுங்க சொல்றேன். எந்த மூஞ்சிய வெக்கறமோ அதுக்கு ஒரு நோக்காடு வந்தா வெளிய தெரியாது. அவ்வளவுதான? அது எனக்கு வந்துட்டுப் போகட்டும். புள்ளை மொகம் மட்டும் வேண்டாம். அவளுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தெரிஞ்சாகோணும்."

இந்த ஒரு விஷயத்திலாவது தான் முந்திக்கொண்டதாக அவருக்கு ஒரு ஆறுதல். பெனிட்டா தலையாட்டிவிட்டு டிவிக்குள் பதிந்திருந்த விவரங்களைத் திறந்து பார்த்தாள்.

"இதுல ஏற்கெனவே புது முகம் ஏறியிருக்கு அண்ணாச்சி."

"ஆரு வெச்சது?"

"யாரும் வைக்கல. பழைய முகம் ரொம்ப நாளா முன்னால வரலைன்னா, டிவி தானாவே இன்னொண்ண எடுத்துக்கிடும். பகல் பூரா வீட்டுல யாரு இருக்காவளோ அவங்க முகம்." அவள் அதைத் திரையில் கொண்டுவந்து அவருக்குக் காட்டினாள். மகிழினியின் முகம், நேராகப் பார்த்துக்கொண்டு, சிரிக்காமல் இருந்தது.

"அதெப்படிங்க? பகல்ல அவ ஸ்கூலுக்கல்ல போறா. டிவி மறுபடியும் தப்புப் பண்ணுது பாருங்க."

பெனிட்டா அவரைப் பார்க்காமல் மீட்டரைப் பெட்டிக்குள் வைத்தாள். "இதுல தப்பு வர வழியில்ல அண்ணாச்சி," என்றாள்.

லோகநாதன் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். மகிழினி முந்தானை மாதிரி துண்டு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள். கை ஈரமாக இருந்தது.

"கண்ணு, நீ ஸ்கூலுக்குப் போறதில்லியா?"

அவள் பெனிட்டாவை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "இல்லீங்கப்பா."

"அம்மா போனதுலேருந்தா?"

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதுலேருந்துங்க. வீட்டுல ஆள் வேணுமல்லங்க. ஸ்கூல்லேருந்து மெசேஜெல்லாம் அம்மா போனுக்குத்தான் வந்துச்சு. நாந்தான் பதில் போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?"

மகிழினி நிமிர்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்கப்பா. தெனமும் கருக்கல்ல எந்திரிச்சு டிபன் டப்பா கட்டி வெச்சன். ஒருநா தவறாம எடுத்துட்டுப் போனீங்களே. ஆரு கட்டுனாங்கன்னு நெனச்சீங்க?"

உள்ளே குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.